நாலாம் நம்பர் தரிப்பிடம்

அடுத்தவர் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு கடையைச் சுற்றுவது என் தொழில். சாமான் வாங்கப் போய், தப்பானதைக் கொண்டுவந்து வீட்டில் பேச்சு வாங்கிய எல்லோரும் என் சொந்தக்காரர். ரொறன்ரோவில் ஒரு பல்சரக்குக் கடையில், இணையத்தில் வரும் ஓடர்களைச் சேர்த்துக் கட்டுகிறேன்.

காய்க்குப் பழம்

வோபர்னில் இருக்கும் ஓர் அன்ரியின் ஓடர். தொண்டு நிறுவனம் ஒன்று தந்த உணவு உதவி அட்டையில் கட்டியிருந்தார். மறுநாள் காலை வந்து எடுப்பதாகக் குறிப்பு. வாழைக்காய் முடிந்திருந்தது. ‘இல்லாததற்கு மாற்று வைக்கலாம்’ என்ற கட்டத்தில் சரி போட்டிருந்தார். மஞ்சள் வாழைப்பழம் வைத்தேன். மாற்றிய செய்தி அவருக்குப் போய் ஐந்து நிமிடத்தில் தொலைபேசி.

“தம்பி, நாளைக்கு இவற்ற திவசம். வாழைக்காய்க் கறி இல்லாமல் என்னத்தைப் படைக்கிறது?”

தமிழ்க் கடையில் என் காசில் வாங்கித் தருகிறேன் என்றேன். அந்த அட்டை அங்கே செல்லாது.

“வேண்டாம். என்ர மனிசனுக்கு என்ர கார்ட்டிலைதான் படைப்பன்.”

நீலக் கார்

காலையில் லொறி வந்ததும், மற்றவர்கள் கைவைக்குமுன் வாழைக்காய்ப் பெட்டியைத் திறந்து மூன்று காய் பொறுக்கினேன். பிஞ்சுமில்லை, முற்றலுமில்லை. அப்படி ஒரு காயை நான் எனக்கே தெரிந்தெடுத்ததில்லை.

வீட்டுக்குக் கொண்டுவரும் கூலியை அந்த அட்டையில் கட்ட முடியாது. வந்து எடுப்பவரோ காரின் நிறத்தைக் குறிக்காவிட்டால் ஓடர் படிவம் மேலே நகராது. அன்ரி ‘நீலம்’ என்று குறித்திருந்தார். அவருக்குக் கடை ஒதுக்கிய நாலாம் தரிப்பிடத்தில் காரைக் காணவில்லை. இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே, சில்லுப் பூட்டிய நீலப் பையைப் பிடித்தபடி அவர் நேராக நின்றார். பின்னால் ஒரு வான் ஹோர்ன் அடித்தது. அவர் அசையவில்லை.

“எனக்கும் நாலாம் நம்பர்தான் தந்தவை. நீர் ஆறுதலாய் ஏத்தும், தம்பி.”

கடை விதி

மாலை நாலு மணிக்கு மறுபடி வந்தார். கையில் சாப்பாட்டுப் பெட்டி. சோறு, வாழைக்காய்க் கறி, பயற்றங்காய், இரண்டு வடை. வாடிக்கையாளரிடம் எதுவும் வாங்கக்கூடாது, அது கடை விதி என்றேன். உதவி அட்டையில் வாங்கியதைத் தின்ன மனமும் வரவில்லை. அதை நான் சொல்லவில்லை. அவர் என் முகத்தில் பார்த்துவிட்டார்.

“கார்ட்டை நான் வெக்கப்படாமல் வாங்கினனான். படைச்ச சோத்தை வாங்க உமக்கென்ன வெக்கம்?”

எடுத்துக் கொடுப்பதற்கு மூன்று நாள் பயிற்சி தந்த கடை, வாங்கிக்கொள்வதற்கு ஒரு மணி நேரம்கூடத் தரவில்லை என்பதைப் பின்கதவருகே நின்று, பெட்டியை வழித்துச் சாப்பிடும்போது நினைத்துக்கொண்டேன்.