கடைமடைக்கு வந்த தண்ணீர்

என் அண்ணி தோமித்தீலாவைப் பற்றிச் சொல்வதென்றால் என் மானத்தைக் கொஞ்சம் விட்டுத்தான் சொல்ல வேண்டும். பரவாயில்லை, ஊரே பார்த்த சங்கதி.

எங்கள் நியூ மெக்ஸிகோ மலையடிவாரத்து வாய்க்கால் ஸ்பெயின் ராஜாவின் கொடி, மெக்ஸிகோ கொடி, அமெரிக்கக் கொடி மூன்றையும் பார்த்துவிட்டது. சட்டம் மட்டும் மாறவில்லை. பனி உருகுமுன் ஒவ்வொரு தண்ணீர்ப் பங்குக்கும் ஓர் ஆள் வந்து தூர்வார வேண்டும். ஆள் வராத பங்குக்கு அந்த வருஷம் தண்ணீர் கிடையாது.

அந்தக் குளிர்காலத்தில் என் அண்ணன் எப்பிமேனியோ செத்துப்போனான். கடைமடையில் அவனுக்கு மிளகாய்க் கொல்லை, பிள்ளைகள் இல்லை. ஆளில்லாமல் அண்ணி என்னிடம்தான் வருவாள், கொல்லையை எனக்கே குத்தகைக்கு விடுவாள் என்று சப்புக்கொட்டிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தூர்வாரும் காலையில் வாய்க்கால் மணியக்காரர் தோன் கனூத்தோ பெயர்களைக் கூப்பிட்டார்.

"எப்பிமேனியோ பங்கு?"

"வந்திருக்கேன்."

அண்ணனுடைய கால்சட்டையை இடுப்பில் கயிற்றால் கட்டிக்கொண்டு அண்ணி நின்றாள். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

"என்ன அண்ணி, ரொட்டி திருப்புற கையால மண்ணைத் திருப்பப் போறீங்களா?" என்றேன்.

"நீ வாயால வெட்டு, நான் மண்வெட்டியால வெட்டுறேன். யாரு வெட்டுனது ஆழம்னு தண்ணி சொல்லும், கொழுந்தனாரே."

மணியக்காரர் வாய்க்காலைக் கோலால் அளந்து ஆளுக்கொரு துண்டு விட்டார். அவளுக்கு மரவேர் பின்னிக் கிடந்த துண்டு. எனக்கு அதற்கு மேல்பக்கம், வெறும் மணல். நான் மண்வெட்டிப் பிடியில் சாய்ந்து கேலி பேசினேன், நடுநடுவே வெட்டினேன். அவள் கோடாலியால் வேரறுத்தாள், கொப்புளம் உடைந்து பிடி சிவந்தது, குனிந்த தலை நிமிரவில்லை. கடைசியாக முடித்தது அவள்தான். அவள் துண்டை அங்குலம் அங்குலமாகச் சோதித்த மணியக்காரர், என் துண்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை தண்ணீர் திறந்தார்கள். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும் முதல் தண்ணீரோடு ஊரே கரையில் நடப்பது எங்கள் வழக்கம். என் துண்டுக்கு வந்ததும் தண்ணீர் நின்றது. நின்று, கரையேறப் பார்த்தது.

"எலோய்! இது நீ வெட்டின லட்சணமா?" என்று மணியக்காரர் கத்தினார்.

என் துண்டு ஒரு ஜாண் மேடு. ஐயோ, அன்று நான் பட்ட அவமானம்! மண்வெட்டிகூட நான் கொண்டுவரவில்லை.

அண்ணி கொண்டுவந்திருந்தாள். பனித்தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி என் மேட்டை வெட்டித் தள்ளினாள்.

"தள்ளி நில்லு கொழுந்தனாரே, புதுச்சட்டை நனைஞ்சிடப் போகுது."

தண்ணீர் பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. அவள் துண்டில் ஓரிடத்திலும் தயங்கவில்லை. கடைமடைக் கொல்லையில் அது விழுந்தபோது அண்ணி மண்வெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக் கூவினாள். ஊரே கூவியது. நானும்தான்! அவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை.

அடுத்த வருஷம் தூர்வாரும் காலையில் எப்பிமேனியோ என்ற பெயர் வரவில்லை.

"தோமித்தீலா பங்கு?"

"வந்திருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"தோன் கனூத்தோ, ஒரு வேண்டுகோள். எலோய்க்கு என் கொல்லையைத் தாண்டின கீழ்ப்பக்கத் துண்டாக் குடுங்க. மேல்பக்கம் மட்டும் வேண்டாம்."

அப்போதுதான் சிரித்தார்கள், என்னைப் பார்த்து.