ரெண்டு மோட்டார் ஷெர்லின்

நாத்தனார் வாயில் நல்ல பேர் வாங்குவது லேசு இல்லை. அதிலும் நான் மண்ணூரில் இட்லிக் கடை வைத்திருக்கிறவள். காலை ஷிஃப்டுக்கு ஓடுகிற பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து அதட்டி அதட்டியே தொண்டை இப்படி ஆகிவிட்டது. ஆனாலும் ஷெர்லினைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். அவள் புருஷன், என் தம்பி யாக்கோபு சொன்னால் பாதிக்குமேல் புளுகுவான்.

ஷெர்லின் பென்னலூர்ப் பெண். கார்களுக்குள் ஓடுகிற வயர்க் கட்டுகளைச் செய்கிற கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. பலகையில் போட்டிருக்கிற கோட்டின்மேல் வயரை ஓட்டி, முனையைச் சொருகி, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். லைனில் அவள் கைதான் வேகம். புதிதாக வருகிற பெண்களை முதலில் அவள் பக்கத்தில்தான் நிறுத்துவார்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, கண்ணில் பட்ட தப்பைத் தாண்டிப் போகாதே என்று அவளிடம் பாடம் கேட்டவர்கள் இந்தப் பக்கம் எந்தக் கம்பெனியிலும் இருப்பார்கள். அந்தத் திமிர் அவளுக்கு உண்டு. எனக்கு அது பிடிக்காது. எனக்கும் அதே திமிர் உண்டு என்பது வேறு விஷயம்.

பிறகு சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் போயிற்று, விரல் மூட்டில் வலி குடியேறிவிட்டது. காலையில் தலை பின்னக்கூடக் கை மடங்காது. அவளுக்காக லைன் நிற்குமா? ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, மரியாதையாகத்தான், "கொஞ்ச நாள் பேக்கிங்ல இருங்க" என்று அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட அனுப்பிவிட்டார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். என்னோடு சண்டைகூடப் போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கிப் பழகச் சொன்னார். அவள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் யாக்கோபு விமானத்தோடு வந்து நின்றான். அவன் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். வடக்கத்தி இன்ஜினியர் ஒருவர் மாற்றலாகி வீட்டைக் காலி செய்தபோது, ரிமோட்டில் பறக்கிற பொம்மை விமானம் ஒன்று இறக்கை ஒடிந்து கிடந்திருக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றாராம். இவன் அதை வேன் சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்துவிட்டான். தெர்மாகோல் போல வெள்ளை உடம்பு. நான் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு நீள இறக்கை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு மோட்டார், ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு குட்டி விசிறி.

"வேலில போற ஓணானை எடுத்து வேட்டில வுட்டுக்கின கதையா கீதுடா" என்றேன்.

"இருக்கட்டும்க்கா. ஷோகேஸ்ல வெச்சா அழகா இருக்கும்."

ஷோகேஸுக்குப் போகவில்லை. மறுநாளே ஷெர்லின் அதன் வயிற்றைப் பிரித்துவிட்டாள். உள்ளே வயர் இருந்தது, அதுதான் காரணம். எவனோ கண்டபடி திணித்துவைத்திருந்த வயரைப் பார்த்ததும் அவளுக்குக் கை பரபரத்தது. மூங்கில் குச்சி வைத்து இறக்கையை ஒட்டினாள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பறக்கவிடவும் கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நயினாரின் வெற்று நிலத்துக்குப் போய்விடுவாள். ஏதாவது கம்பெனி வாங்கட்டும் என்று நயினார் சும்மா போட்டுவைத்திருக்கிற நிலம் அது. சுற்றிலும் காம்பவுண்டுச் சுவரும் ரோடும் ஆகிவிட்ட ஊரில், விமானம் ஓடி ஏற அதைவிட்டால் வேறு இடம் கிடையாது. என் கடையில் சாப்பிடுகிற ரூம் பையன்கள் அவளை "ரெண்டு மோட்டார் அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் சட்னியில் உப்பு இல்லை என்று மறுபடி என்னிடம் சண்டைக்கு வந்தாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பறந்தது என்று பேர்தானே தவிர, அந்த விமானம் பொழுதுக்கும் இடப்பக்கமே இழுக்கும். ஒருநாள் நடுவானத்தில் இடது மோட்டார் நின்றேபோனது. பதறிப்போய் ஷெர்லின் வேகத்தைக் கூட்டினாள். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் விமானத்தைத் தலைகுப்புறச் சுழற்றிக்கொண்டு போய், நயினார் தன் மகளுக்குக் காதுகுத்து என்று போட்டிருந்த பந்தலைக் கிழித்து, பாயச அண்டாவில் இறக்கியது. ஆள்மேல் படாதது கடவுள் செயல். நயினார் கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

"இன்னும் ஒரே ஒரு வாட்டி தரேன்மா. என் கண்ணு முன்னால ஏத்தி, முழுசா கீழ கொண்டாந்து காட்டு. வுழுந்துச்சின்னு வெச்சுக்கோ, அத்தோட இந்த நெலத்துல கால் வெக்காத."

அன்றைக்கு ஷெர்லின் வீட்டுக்கு வந்து பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நிலம் போனால் போகட்டும், இந்தப் பெண் மறுபடி வாயை மூடிக்கொண்டால் நான் என்ன செய்வேன்? "எழுந்து அந்தச் சனியன கழுவு. பாயசம் காஞ்சா எறும்பு வரும்" என்று கத்தினேன். எழுந்துபோய்க் கழுவினாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் என் கடை மேஜையின்மேல்தான். இடது மோட்டாருக்குப் போகிற வயரில் பற்றவைத்த இடம் உள்ளுக்குள்ளேயே விட்டுப்போயிருந்தது. இரண்டு பக்கமும் பழைய வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரே தடிமன், ஒரே நீளத்தில் புதிது போட்டாள். அடுத்து, இடப்பக்கம் இழுக்கிற வியாதி. இரண்டு விசிறியும் ஒரே பக்கமாகச் சுற்றுவதால்தான் அந்த இழுப்பு என்று கண்டுபிடித்தாள். இடது விசிறியை எதிர்ப்பக்கம் சுற்றவைக்க வேண்டும். அதற்கு எதிர் முறுக்கு உள்ள விசிறி வாங்கி மாட்டி, அந்த மோட்டாருக்கு வருகிற மூன்று வயரில் இரண்டை மாற்றிச் சொருகினால் போதும்.

போதும்தான். ஆனால் அவள் கை சிவப்பைக் கொண்டுபோய்க் கறுப்பில் சொருக மாட்டேன் என்றது. முனைக்குப் பக்கத்தில் போகும், திரும்பி வந்துவிடும்.

"சர்ச்சுல திருடுற மாதிரி கீது அண்ணி" என்றாள்.

"கண்ண மூடிக்கினு சொருவு. நான் பாக்கல" என்றேன்.

மூடிக்கொண்டுதான் சொருகினாள். பிறகு, காய்கறி எடை பார்க்க நான் வைத்திருக்கிற கொக்கித் தராசைக் கேட்காமல் எடுத்து, விமானத்தின் வாலில் கட்டி, ஒவ்வொரு மோட்டாரும் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தாள். தராசுக்காக ஒரு சண்டை நடந்தது. இரண்டும் ஒரே அளவு இழுக்கும்வரை ரிமோட்டில் எதையெதையோ திருகினாள். மெதுவாகத்தான் செய்தாள், ஒரு திருகாணிக்கே வெகுநேரம் ஆகும். ஆனால் ரப்பர் பந்து செய்யாததை அந்தத் திருகாணிகள் செய்தன. ஒருநாள் காலை அவள் தானாகவே தலை பின்னிக்கொண்டு வந்தாள்.

நயினார் கண்முன்னால் பறக்கவிட வேண்டிய ஞாயிறு வந்தது. காலையில் கடை வாசலில் வைத்து மோட்டாரை ஓட்டிப் பார்த்தாள், எல்லாம் சரி. விமானத்தை மேஜைமேல் வைத்து, மாரிசெல்வியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நாங்கள் சர்ச்சுக்குப் போனோம். மாரிசெல்வி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், எங்கள் மாடி ரூமில் வாடகைக்கு இருக்கிறாள். ஷெர்லினிடம் வேலை கற்றவள். இப்போது அதே கம்பெனியில், வருகிற வயர்க் கட்டைச் சோதித்து ஓகே சொல்கிற வேலை.

சர்ச் விட்டு நிலத்துக்குப் போனால் திருவிழாக் கூட்டம். ஓவர்டைம் இல்லாத பையன்கள் எல்லாம் அங்கேதான். நயினார் நிலத்தின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். ஷெர்லின் விமானத்தைத் தரையில் வைத்து ரிமோட்டை மெல்ல ஏற்றினாள். விமானம் முன்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே செக்குமாடு போலச் சுற்றியது. வலது விசிறி ஒரு கல்லில் டக்கென்று இடித்தது. அவள் சட்டென்று நிறுத்தினாள். கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. நயினார் குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க கெளம்பிட்ட? வுழுந்தாதான கணக்கு? இன்னும் ஏறவே இல்ல, ஏறாதது எப்டிய்யா வுழும்?" என்றேன். நியாயம் இருந்ததோ என் தொண்டைக்குப் பயந்தாரோ, உட்கார்ந்துவிட்டார்.

ஷெர்லின் இடது இறக்கையின் அடிமூடியைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். சிவப்பு சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் ஒழுங்காகச் சொருகியிருந்தது. பக்கத்தில் மார்க்கர் பேனாவால் அழகாக ஒரு பச்சைப் புள்ளி. கம்பெனியில் சோதித்து முடித்த கட்டில் வைக்கிற அதே புள்ளி.

"யாரு வெச்சது இது?"

மாரிசெல்வி சந்தோஷமாக முன்னால் வந்தாள். "நான்தாங்க்கா. வயரு ரெண்டும் மாறிக் கெடந்துச்சு. நீங்க அவசரத்துல கவனிக்காம விட்டுட்டீகன்னு நெனச்சு, சரி பண்ணி ஓகே போட்டு வச்சேன்."

வயர் நேரானதும் இடது மோட்டார் பழைய பக்கமே சுற்றியிருக்கிறது. மாட்டியிருந்ததோ எதிர் முறுக்கு விசிறி. அதனால் வலது மோட்டார் முன்னால் இழுக்க, இடது பின்னால் தள்ள, விமானம் பம்பரமாகிவிட்டது. விஷயம் புரிந்ததும் மாரிசெல்விக்கு முகம் செத்துவிட்டது, அழ ஆரம்பித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஷெர்லின் சிரித்துவிட்டாள்.

"நான் சொல்லிக் குடுத்தத அச்சு பெசகாம பண்ணிக்கிறா. இவள எப்டி அண்ணி திட்டறது?"

யாக்கோபு வயரைக் கழற்றக் குனிந்தான். அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். "வுட்றா. அவ பண்ணுவா."

வெயில் சுட்டது. முனைகள் இறுக்கமாக இருந்தன. ஷெர்லின் விரலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கி, ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினாள். "சீக்கிரம்க்கா" என்று எவனோ கத்தினான், அவள் காதில் வாங்கவில்லை. கல்லில் பட்ட விசிறியையும் தடவிப் பார்த்தாள், வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே மயிரிழை விரிசல் ஓடியிருந்தது பிறகுதான் தெரியவந்தது.

இந்தமுறை விமானம் ஓடியது. நேராக ஓடியது. இடப்பக்கம் ஒரு சாண்கூட இழுக்காமல், கோடு போட்டதுபோல ஓடி, தரையை விட்டு எழும்பிப் போயே போய்விட்டது. நான் கைதட்டிக் குதித்தேன், என் வயசுக்கு அது அதிகம்தான். வேலிக் கருவைக்கு மேலே திரும்பி, எங்கள் தலைக்கு மேலே வந்து, பெரிய வட்டமாக மறுபடி சுற்றியது. நயினார்கூடக் குடையைத் தள்ளிவிட்டு அண்ணாந்து பார்த்தார். மாரிசெல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டே விசிலடித்தாள்.

அப்போது வலது விசிறி உடைந்து தெறித்தது. சத்தம் மாறியது. விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. பாயச அண்டா நாளில் நடந்ததுதான், இந்தமுறை வலப்பக்கமாக.

"ஏத்து! ஏத்து!" என்று கத்தினான் யாக்கோபு. ஊரே கத்தியது. நானும்தான் கத்தினேன்.

ஷெர்லின் ஏற்றவில்லை. குறைத்தாள். நான் அவள் பக்கத்திலேயே நின்றதால் அந்த விரல்களைப் பார்த்தேன். மூட்டு வீங்கின அந்தக் கட்டைவிரல் அவசரப்படாமல், கொஞ்சம் கொஞ்சமாக, ஓடுகிற மோட்டாரின் வேகத்தை இறக்கியது. வேகமான கையாக இருந்திருந்தால் வெடுக்கென்று இழுத்திருக்கும். எந்த நிதானத்துக்காக அவளை லைனை விட்டு எடுத்தார்களோ, அந்த நிதானம்தான் அன்றைக்கு வேண்டியிருந்தது. சாய்ந்த இறக்கை நிமிர்ந்தது. சத்தமே இல்லாமல் விமானம் காற்றில் வழுக்கிக்கொண்டு வந்து, கருவை முள்ளைத் தாண்டி, சக்கரம் தரையில் பட்டு ஒரு துள்ளு துள்ளி, நயினாரின் நாற்காலியை உரசுகிற மாதிரி ஓடி நின்றது.

நயினார் எழுந்து விமானத்தைச் சுற்றி வந்தார். குனிந்து, உடைந்த விசிறியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு மோட்டாரு வேல செய்யலியேம்மா. அப்ப இது வுழுந்துச்சின்னுதான அர்த்தம்?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் ஷெர்லின் முந்திக்கொண்டாள். ரிமோட்டைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, அவர் முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினாள்.

"வுழலண்ணா. இந்தக் கையால நான் எறக்கினேன்."

நயினார் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு விமானத்தைப் பார்த்தார். கூட்டத்தில் நின்ற பையன்களைப் பார்த்துக் கத்தினார். அவர் கத்தினார் என்றால் இனிப் பயமில்லை.

"இன்னாடா பாத்துகினு நிக்கிறீங்க? இந்த நாற்காலியத் தூக்கி ஓரமாப் போடுங்கடா. அடுத்த வாட்டி அந்தப் பொண்ணு எறக்கறதுக்கு எடம் வேணாமா?"