நாற்பத்தொரு குழாய்களின் காவல்காரி

பதினேழாம் எண் குழாயின் முன் முழங்காலிட்டு, தலைத்துணியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, மூக்கை நீட்டி ஓர் இழுப்பு இழுக்கிறாள் ஹத்லா. இடுப்பில் தொங்கும் வாயு அளக்கும் கருவியை அதன் பிறகுதான் எடுத்துக் குழாய் வாயில் காட்டுகிறாள். கருவி எந்த எண்ணைச் சொன்னாலும், இதை நான் முன்பே சொன்னேனே என்ற முகபாவம்தான். "இன்னிக்கு இவருக்கு வாயு கொஞ்சம் ஜாஸ்தி. நேத்து மழைல வயிறு உப்பிக்கிச்சு" என்று காற்றிடம் சொல்லிவிட்டுப் பதினெட்டாம் குழாய்க்கு நடக்கிறாள்.

அவள் 'இவர்' என்று சொல்வது மலையை. கட்டிய கணவன் கலஃபைக்கூட 'அவன்' என்றுதான் சொல்வாள், மரியாதையெல்லாம் மலைக்கு. அம்மான் நகரத்துக் குப்பையில் ஒரு பங்கு இருபத்திரண்டு வருடம் இங்கேதான் வந்து விழுந்தது. அதன் மேல் களிமண், களிமண் மேல் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு, விரிப்பின் மேல் இடுப்பளவு நல்ல மண், மண்ணின் மேல் புல்லும் ரோஸ்மேரியும் அரளியும். உள்ளே அழுகுவது இன்னும் அழுகிக்கொண்டுதான் இருக்கிறது. அது விடும் மூச்சு நாற்பத்தொரு பச்சைக் குழாய்கள் வழியாக வெளியே வருகிறது. காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை என எல்லாவற்றையும் பார்ப்பது ஹத்லாவின் வேலை.

மீத்தேனுக்கு வாசனையே கிடையாது என்று நகராட்சிப் பொறியாளர் ரவ்தா அவளுக்குப் பத்து முறை விளக்கியிருக்கிறாள். ஹத்லா மசிவதில்லை. "அதுக்கு வாசனை இல்லைன்னா போகட்டும், கூட வர்றவனுக்கு இருக்கே! திருடன் செருப்பில்லாம வந்தாலும், கூட வர்றவன் இருமுவான்டி" என்பாள். பொறியாளரை 'டி' போட்டுப் பேசுவதைப் பற்றி ரவ்தாவும் இப்போது கவலைப்படுவதில்லை.

வயது ஐம்பத்து நான்கு. குள்ளம். ஆண்கள் போடும் கனத்த காலணி. மலையின் வயிற்றில் எந்த இடத்தில் என்ன கிடக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி, ஏனென்றால் கலஃப் குப்பை லாரி ஓட்டியவன். அவன் கொட்டியது, இவள் காவல் காப்பது. புல்வெளியில் ஒரு இளம் ஜோடி தோளோடு தோள் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் மெதுவாகப் பக்கத்தில் போய், "நல்லா உக்காருங்க கண்ணுங்களா. அடியில கசாப்புக்கடைக் கழிவு, ரெண்டாயிரத்து ஒண்ணாம் வருஷத்துது" என்று சொல்லிவிட்டு நகர்வாள். காதலைக் கலைக்கவேண்டும் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத பிறவி.

ஆழமாக வேர் விடும் எதையும் இங்கே நடக்கூடாது. ஆனால் செத்துப்போன தகப்பன் பெயரில் ஒலிவ மரம் நட்டே தீருவேன் என்று ஊரில் பாதிப் பேர் கன்றைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வருகிறார்கள். ஹத்லா அவற்றைத் தோண்டி எடுத்து, நெய் டின்களில் நட்டு, செத்தவர் பெயரை டின்னில் எழுதி வாசலோரம் வரிசையாக வைத்திருக்கிறாள். மகன்கள் வந்து பார்த்தால் கோபப்பட முடியாது. தகப்பனுக்குத் தினம் தண்ணீர் போகிறதே.

முன்பு அவள் தெருவில் கோடையிலும் ஜன்னலைத் திறக்கமாட்டார்கள். மலை உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும். காயப்போட்ட துணியை ஈரம் உலரும் முன்பே உள்ளே எடுத்துவிடுவார்கள். அந்தத் தெருப் பெண் என்றால் மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடிக்காமலே எழுந்து போன கதைகள் உண்டு. பூங்கா திறந்து இரண்டு வருடமாகிறது. "ஜன்னலத் தொறந்து வெச்சுத்தான் தூங்குறேன். திருடன் வந்தா வரட்டும், காத்து வருதுல்ல" என்று எவர் கேட்டாலும் சொல்கிறாள், கேட்காவிட்டாலும் சொல்கிறாள். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் மூச்சை ஒரு முறை இழுத்துவிட்டுக்கொள்கிறாள், இன்னும் நம்பாதவள்போல.

நம்பாமல் இருக்கக் காரணம் உண்டு. பூங்காவுக்கு நகராட்சி கொடுத்திருப்பது மூன்று வருட வெள்ளோட்டம். அதற்குள் மலையில் எங்கேனும் தீப்பிடித்ததாக ஒரு வரி போலீஸ் பதிவில் ஏறினால் வாசலைப் பூட்டிவிடுவார்கள். அடுப்புக்கென்று கீழே வாசல் பக்கம் கான்கிரீட் தளம் போட்டிருக்கிறார்கள். மேலே நெருப்புப் பெட்டிகூடக் கூடாது. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் ஹத்லாவின் கண் அடுப்புக் கரியைத்தான் தேடும். போன வெள்ளிக்கிழமை வந்தது கரி அல்ல, மண்வெட்டி.

வடக்குச் சரிவில், இருபத்தாறாம் குழாய்க்குப் பத்தடி தள்ளி, அவள் தெருக்காரர் ஹாஜ் மினாவரின் குடும்பம் கம்பளம் விரித்திருந்தது. பேத்திக்கு நிச்சயம், மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் நான்கு மணிக்கு வருகிறார்கள். முப்பது பேருக்கு ஸர்பு, அதாவது குழிக்குள் புதைத்து வேகவைத்த ஆட்டுக்கறி, போடாமல் முடியுமா? மசாலா தடவிய நான்கு ஆடுகள் தட்டடுக்கில் தயாராக இருந்தன. அவற்றைத் தணலில் இறக்கி மண் போட்டு மூடுவதற்கு, ஹாஜின் தம்பி துர்க்கி இடுப்பளவு குழி வெட்டி, விறகும் அடுக்கிவிட்டான். லைட்டர் அவன் கையில்.

ஹத்லா ஓடி வந்தாள். குழிக்குள் கருவியை நீட்டினாள். அது கீச்சுக் கீச்சென்று கத்தியது. விறகிடுக்கில் கறுப்பு விரிப்பு தெரிந்தது. மண்வெட்டி முனை பட்டு, விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். அவள் குழிக்குள் இறங்கி விறகின் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"அக்கா, வெளிய வாங்க. நேரமாகுது" என்றான் துர்க்கி.

"கொளுத்து. என்னோட சேத்துக் கொளுத்து."

விசில் கழுத்தில்தான் இருந்தது. ஊதினால் வாசலிலிருந்து போலீஸ் வரும், கூடவே பதிவேடும் வரும். அவள் ஊதவில்லை.

தன் கம்பளத்தருகே ஆள் வந்துவிட்டால், அது குழிக்குள் நிற்கும் ஆளாக இருந்தாலும், காப்பி கொடுக்காமல் இருக்க ஹாஜுக்குத் தெரியாது. துர்க்கி ஒரு கையில் லைட்டரும் மறு கையில் கோப்பையுமாக நீட்டினான். ஹத்லா வாங்கினாள். குடிக்காமல் குழியின் விளிம்பில் வைத்தாள்.

கம்பளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கோப்பையின் பக்கம் திரும்பினார்கள். வேண்டுதலோடு வந்தவர்தான் காப்பியைக் கீழே வைப்பார். பெண் கேட்டு வருகிறவர்கள் வைப்பார்கள், கொலைப்பகையைத் தீர்த்துச் சமாதானம் பேச வரும் பெரியவர்கள் வைப்பார்கள். கேட்டது கிடைக்கும்வரை குடிக்கமாட்டார்கள். கேட்டதைக் கொடுக்காதவன் பெயர் நாறிவிடும். காவல்காரி ஒருத்தி வைத்து எவரும் பார்த்ததில்லை.

ஹாஜ் எழுந்து வந்தார். ஷிப்லியின் தாய் என்று, மகன் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார். "குடிம்மா, உம் ஷிப்லி. என்ன வேணும் சொல்லு."

"இந்தக் குழிய மூடணும் ஹாஜ். கீழ வாயு வருது. ஒரு பொறி போதும்."

"இருபது வருஷமா என் வீட்டுக்கு ஒரு விருந்தாளியக் கூப்பிட முடியல. முகத்தைப் பொத்திக்கிட்டுப் போவாங்க. இன்னிக்குத்தான் இந்த மலையக் காட்டலாம்னு..." ஹாஜ் சரிவின் புல்வெளியைக் கையால் காட்டினார்.

"அந்த நாத்தத்துலதான் நானும் மூணு புள்ளைங்களப் பெத்தேன். இதைப் பூட்டிட்டாங்கன்னா ரெண்டு பேரும் மறுபடி ஜன்னலச் சாத்திக்க வேண்டியதுதான். கறிய எங்க வீட்டு முற்றத்துல இறக்குங்க. அங்க அடியில பாறைதான். கலஃப் இடத்தைக் காட்டுவான். வெந்ததும் மேல கொண்டாந்து இங்கயே பரிமாறுங்க."

ஹாஜ் தம்பியைப் பார்த்தார். துர்க்கி லைட்டரைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"குடிம்மா. கேட்டது கிடைச்சாச்சு."

அப்போதும் அவள் குடிக்கவில்லை. ஹாஜின் வீட்டு ஆண்கள் ஆட்டையும் விறகையும் சுமந்துகொண்டு சரிவில் இறங்கினார்கள். ஹத்லா ஈரக் களிமண்ணைப் பிசைந்து கிழிசலில் அப்பி, காலால் மிதித்து, துர்க்கியோடு சேர்ந்து மண்ணை இழுத்து மூடினாள். குறிப்பேட்டில் எழுதினாள்: 'வடக்குச் சரிவு, விரிப்பில் கிழிசல் ஒன்று. நாளைக் காலை ஒட்டவேண்டும். தீ இல்லை.' கருவியைத் தரையோடு வைத்துக் காத்திருந்தாள். எண் இறங்கி இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது.

பிறகுதான் கோப்பையை எடுத்தாள். ஆறிப் போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தாள். துர்க்கி காப்பிக் கூஜாவோடு எதிரே நின்றான். கோப்பையைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'போதும், இனி ஊற்றவேண்டாம்' என்று அர்த்தம், அது எல்லாருக்கும் தெரிந்தது. ஹத்லாவின் கையில் கோப்பை ஆடியது, வேகமாகவே ஆடியது. துர்க்கி கை நீட்டி அதை வாங்கப் போனான்.

"எடுக்காதே" என்றாள் ஹத்லா. இரண்டு கையாலும் கோப்பையை இறுகப் பிடித்து, ஆட்டம் நிற்கும்வரை மார்போடு வைத்திருந்து, பிறகு மறுபடி ஊற்றச் சொல்லி அவன் முன்னால் நீட்டினாள்.