மூன்று மணிக்கு மேல் கழன்றுவிடும் கேபிள்

அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவனுக்கு ஸ்க்ரூ டிரைவருக்கு முன்னால் வேண்டியது சந்தேகம்.

காரைக்குடியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பக்கத்து அரசு அலுவலகம் ஒன்றின் மெஷின்களை வருட காண்ட்ராக்டில் நாங்கள்தான் பராமரிக்கிறோம். எந்த அலுவலகம் என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் அடுத்த வருடம் காண்ட்ராக்ட் போச்சு. “சர்வர் டவுன், நாளைக்கு வாங்க” என்று கேட்டுவிட்டு வெயிலில் திரும்பி நடந்தவர்கள் நீங்கள். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? உங்களுக்கு வந்த சந்தேகம், கவுண்டருக்கு உள்ளே நின்ற எனக்கும் வந்தது. டவுன் ஆவது நிஜமாகவே சர்வர்தானா?

உறை கழற்றாத மெஷின்

வரிசையில் தள்ளுமுள்ளு கூடாது என்று மேலிடத்திலிருந்து ஒரு டோக்கன் மெஷின் அனுப்பினார்கள். நான்தான் மாட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்துப் போனால் மெஷின் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. உறையின் மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து போயிருந்தன. ஜனங்கள் வழக்கம்போல முண்டியடிக்க, டபேதார் துண்டை வீசி வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

முன்னால் விடுவதற்கு ஏதாவது வாங்குகிறாரோ என்று அவர் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பீடிக்கட்டைத் தவிர அதில் எதுவும் இல்லை. “மெஷின் கெட்டுப்போச்சாண்ணே?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஓடுனா பேப்பர் ரோலு தீரும். தீந்தா புதுசு கேட்டு எழுதணும். எழுதுனா, பழசு எங்குட்டுப் போச்சுன்னு எங்கிட்ட வெளக்கம் கேப்பாக. சும்மா நின்னா எவன் கேக்கப் போறான்?”

காட்டிக் கொடுக்கும் பெட்டி

சூப்பிரண்டு ஐயாவுக்குப் புது ஃபைல் சாஃப்ட்வேரை நான் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. “வயசாயிருச்சு தம்பி, மண்டையில ஏற மாட்டேங்குது” என்பார். பாவம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் மதியம் அதே மனிதர் செல்போனில் மகளுக்கு ரயில் டிக்கெட் எடுத்து, கரண்ட் பில் கட்டி, பங்குச் சந்தையில் இரண்டு கம்பெனியை விற்று மூன்றாவதை வாங்கினார். எல்லாம் ஒரு டீ ஆறுவதற்குள்.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கோபப்படுவார் என்று பயந்தேன். சிரித்தார். டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“பேப்பர் ஃபைலு என்னைக்கு வந்துச்சுன்னா, நான் போடுறதுதான் தேதி. இந்தப் பொட்டி, யார் மேசையில எத்தனை நாளு தூங்குச்சுன்னு கேக்காமலே காட்டிக் குடுக்குது. இதப் போயி கத்துக்கச் சொல்றீகளே தம்பி!”

முதலாளியின் அறிவுரை

அலுவலகத்தைச் சொல்லிவிட்டு எங்கள் கடையை விட்டால் அது நியாயமில்லை. ஒரு மாதம் முழுக்க அங்கே எதுவுமே கெடவில்லை. அதை முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. வேறொரு அலுவலகத்தில் இப்படித்தான், “புகாரே வரலையே, பராமரிப்பு எதுக்கு?” என்று காண்ட்ராக்டை நிறுத்திவிட்டார்களாம்.

“கெடுத்து வையின்னு சொல்லல. ஆனா ரொம்ப நல்லாவும் பாத்துராத, நம்ம மூஞ்சி மறந்துபோகும்.”

கெட்டிக்காரிக்குக் கிடைத்த பரிசு

அந்த அலுவலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் மலர்விழி அக்கா. வலையபட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். சாஃப்ட்வேரை யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குள் அவர் சீட்டில் நிலுவை என்று ஒன்றும் இருக்காது. வந்தவர்கள் “மகராசி” என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

வேலை தீர்ந்துவிட்டதே என்று, லீவில் போனவரின் சீட்டையும் அவரிடம் கொடுத்தார்கள். அதையும் முடித்தார். ஓய்வு பெற்ற ஒருவரின் இடம் காலியானது. அக்காதான் சமாளிக்கிறாரே என்று அந்த இடத்துக்கு ஆளே போடவில்லை. பிறகு இன்னொன்று. சம்பளம் என்னவோ அதே சம்பளம்தான். அக்காவின் மகள் ஒன்றாம் வகுப்பு. எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு, அம்மா வரும்வரை பள்ளிக்கூட வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத பக்கத்து சீட்டுக்காரரிடம், “நீங்களும் கொஞ்சம் கத்துக்கிட்டா அக்காவுக்கு உதவியா இருக்குமே” என்றேன்.

“தெரியும்னு சொன்னதுக்கு அந்தப் புள்ள படுற பாட்டப் பாத்தீகள்ல? தெரியாதுன்னு சொன்ன நான் அஞ்சு மணிக்குக் கெளம்புறேன். சம்பளம் ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் ஏறுது.”

மூன்று மணிக்கு மேல்

அதன் பிறகு ஒரு விசித்திரம். அக்காவின் கம்ப்யூட்டரில் மட்டும் நெட் போக ஆரம்பித்தது. காலையில் ஜோராக ஓடும், மூன்று மணிக்கு மேல் போய்விடும். போய்ப் பார்த்தால் மேசைக்கு அடியில் கேபிள் கழன்று கிடக்கும். மாட்டிவிட்டு வருவேன், மறுநாளும் கழன்றிருக்கும். இது சூப்பிரண்டு வேலைதான் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. காட்டிக் கொடுக்கும் பெட்டியை ஒழுங்காக ஓட்டுகிறவர் அக்கா ஒருவர்தானே!

கையும் களவுமாகப் பிடிக்க, ஒருநாள் மத்தியானம் மூலையில் இருந்த பழைய பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கவுண்டரில் அரியக்குடியிலிருந்து வந்த அம்மா ஒருவர் கண் கலங்கி நின்றார். மகனுக்குக் காலேஜில் சீட் கிடைத்துவிட்டது, சான்றிதழைச் சாயங்காலத்துக்குள் காட்ட வேண்டுமாம். சூப்பிரண்டைப் பார்த்தேன், செல்போனில் மூழ்கியிருந்தார். மணி மூன்றாயிற்று. மலர்விழி அக்கா குனிந்தார். செருப்பைத் தேடுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது அவர் திரையில் நெட் இல்லை.

பிரிண்டரை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். பக்கத்தில் போய், “அக்கா, நீங்களா? வெளிய அரியக்குடி அம்மா அழுதுக்கிட்டு நிக்கிறாங்களே!” என்றேன். அவர் முகம் சிவந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

“அவுகளோடத முடிச்சுட்டுத்தான் தம்பி கழட்டுனேன், அடுத்த ரூம்ல பிரிண்ட் எடுத்துக்கிட்டு இருக்காக. இந்த நாலு சீட்டையும் முடிச்சேன்னா அஞ்சாவதக் கொண்டாந்து வைப்பாக. எம் புள்ள தெனமும் அம்மா எப்ப வருவாகன்னு வாட்ச்மேன்கிட்டக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. எதச் சரி பண்ணுனாலும், இத மட்டும் சரி பண்ணிராதீக.”

ரிப்போர்ட்டில் ‘கோளாறு தொடர்கிறது, கண்காணித்து வருகிறோம்’ என்று எழுதினேன்: அக்காவுக்கு ஐந்தாவது சீட் வரவில்லை, சூப்பிரண்டுக்கு நிம்மதி, எங்களுக்கோ காண்ட்ராக்டைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள்.