அண்ணாச்சி நம்பருக்கு வந்த டிக்கெட்டுகள்

மும்பை செம்பூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி மற்றவர்களுடைய கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறது. தாராவியில் தோல் பட்டறைகள், டிராம்பே பக்கம் லாரி ஆபீஸ்கள், இரண்டு மூன்று பள்ளிக்கூடங்கள், மாட்டுங்காவில் ஓர் ஆஸ்பத்திரி. ஏதாவது ஓடவில்லை என்றால் இவர்கள் எங்கள் ஆபீசைக் கூப்பிட வேண்டும். அதற்கென்று தனி நம்பர் இருக்கிறது, விசிட்டிங் கார்டில் தடித்த எழுத்தில் அச்சடித்தும் இருக்கிறது. அந்த நம்பருக்குக் கடன் அட்டை விற்பவர்கள் மட்டும் பேசுவார்கள். மற்ற எல்லோரும் அண்ணாச்சியைக் கூப்பிடுவார்கள்.

அண்ணாச்சி எங்கள் முதலாளி. அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் மளிகைக் கடை போட்டவர். இவர் அதே கடையின் ஓரத்தில் மவுசும் கீபோர்டும் விற்க ஆரம்பித்து இந்த அளவுக்கு வந்திருக்கிறார். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தம், மீதிப் பேர் சொந்தம் போல. அவர்கள் புகார் சொல்லும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மிஸ்டு கால். அண்ணாச்சி திருப்பிக் கூப்பிட்டால் சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, யாருடைய கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்ற விசாரணை. போனை வைக்கப் போகும்போதுதான், "அப்புறம் அண்ணாச்சி, அந்தப் பிரிண்டரு..." என்று விஷயம் வரும். அண்ணாச்சி உடனே யாரையாவது அனுப்புவார். அனுப்பியதை மறந்தும் போவார்.

இதெல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைக்கும்வரை.

அவர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். மேஜையில் பேனாக்களை உயர வரிசைப்படி வைத்திருப்பார். "பாருங்கோ, இங்க உக்காந்திருக்கற உங்க பையன் நல்ல பையன்தான். ஆனா போன மாச ரிப்போர்ட்ல மூணே கம்ப்ளைண்ட். மூணு கம்ப்ளைண்டுக்கு முழு நேர ஆள் எதுக்கு? அடுத்த மாசம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கறச்சே ஆளை எடுத்துடலாம்னு இருக்கேன். வேணும்னா போன் பண்றோம்."

ரிப்போர்ட் என்பது ஈமெயிலில் வந்த புகார்களின் கணக்கு. ஆஸ்பத்திரியில் யாரும் ஈமெயில் எழுதுவதில்லை. எங்கள் டெக்னீஷியனைக் காரிடாரில் பார்த்தால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். அவரிடம் இதைச் சொன்னபோது முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் கல்யாணமாகி வடாலாவில் ஒரு ரூம் எடுத்திருந்தார்.

"என்ன மேடம் பேசுதாரு அவரு? நான் பாத்ரூமுக்குப் போனா வெளிய ஒரு நர்ஸு நிக்குது. வேற என்ன ரிப்போர்ட் வேணுமாம்?"

"நிக்கிறத எழுதி வைக்கலையே."

"அரே, பாத்ரூம்ல எப்படி மேடம் எழுதுறது?"

இவரை இந்த வேலையில் வைத்திருக்க வேண்டுமானால் செய்கிற வேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு டிக்கெட் சாஃப்ட்வேர் வேண்டும். டிக்கெட் என்றால் ஒரு புகாருக்கு ஓர் எண்: யார் சொன்னார்கள், யார் போனார்கள், எப்போது முடிந்தது என்பதெல்லாம் அதில் பதிவாகும். இப்படிப்பட்ட சாஃப்ட்வேர்கள் உலகில் எத்தனை இருக்கின்றன என்று தெரிந்துகொண்ட வாரத்தில் எனக்கு மனித குலத்தின் மேல் இருந்த மரியாதை குறைந்தது.

நான் பட்டியல் போடுகிற ஆள். காய்கறி வாங்கப் போனாலும் கடைகளின் வரிசைப்படி எழுதிக்கொண்டு போவேன். எக்செல்லில் தேவைகளை வரி வரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வைத்து, கடைசியில் மூன்று சாஃப்ட்வேர்களைத் தேர்ந்தெடுத்து நிறுத்தினேன். முதலாவது பெரிய கம்பெனியுடையது. அதன் விற்பனையாளர் வீடியோ காலில் ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை. இரண்டாவது இலவசம், ஆனால் நம் சர்வரிலேயே போட்டு ஓட்ட வேண்டும். எங்கள் சர்வர் அண்ணாச்சியின் மேஜைக்கு அடியில் இருக்கிறது, அவர் அதன்மேல் டிபன் கேரியரை வைப்பார், சூடாகவே இருக்கும் என்பதால். மூன்றாவது பார்க்கவே சகிக்காது. பட்டன்களெல்லாம் பழைய ஏடிஎம் மெஷினில் இருந்து கழற்றி ஒட்டியதுபோல இருந்தன.

அண்ணாச்சி என் எக்செல்லை மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஏ பிள்ள, இதுல வாய்ஸ் மெசேஜு கேக்குறது எது?"

அந்தக் கேள்வி என் பட்டியலில் இல்லை. ஆனால் நியாயமான கேள்வி. எங்கள் ஆட்கள் டைப் அடிப்பதில்லை, பேசி அனுப்புகிறவர்கள்.

"முதலாவது கேக்கும் அண்ணாச்சி. கேட்டு, தானே புரிஞ்சுகிட்டு, தானே பதிலும் அனுப்புமாம்."

"அப்ப அதத்தான் பாப்பம். பதிலும் அதுவே சொல்லுதுன்னா எனக்குப் பாதி வேலை மிச்சம்லா."

பதினைந்து நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். மறுநாள் நான் டிராம்பேயில் ஒரு லாரி ஆபீசில் வயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி அந்த நேரத்தில் சாஃப்ட்வேரைத் தானே திறந்து, 'உங்கள் சேவை எண்ணை இணைக்கவும்' என்று அது கேட்டதும், தன்னுடைய சொந்த நம்பரை இணைத்துவிட்டார். பிறகு நான் கேட்டபோது, "ஆபீஸ் நம்பருக்கு யாரு பேசுதா? எனக்குத்தான பேசுதாவ?" என்றார்.

ஆனால் அண்ணாச்சி ஊர் சங்கத்துக்குச் செயலாளரும்கூட. கல்யாணம், காதுகுத்து, சாவுத் துட்டி என்று எதுவானாலும் முதல் மெசேஜ் அவருக்குத்தான் வரும். அவர்தான் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். எங்கள் வாடிக்கையாளர்களும் சங்கத்தாரும் ஒரே ஆட்கள் என்பதால் சாஃப்ட்வேருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. மாலைக்குள் அது காலை வணக்கப் பூங்கொத்துப் படங்கள் எல்லாவற்றுக்கும் எண் கொடுத்திருந்தது. ஒரு வளைகாப்பை 'வன்பொருள்' பிரிவில் சேர்த்திருந்தது.

அடுத்த நாள் காலை, தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தன் அப்பா இறந்துவிட்டதாகவும் நாலு மணிக்கு எடுப்பதாகவும் அண்ணாச்சிக்குப் பேசி அனுப்பினார். சாஃப்ட்வேர் முழுவதையும் கேட்டது. புகாருக்கு நன்றி, முன்னுரிமை குறைவு, அடுத்த வேலை நாளுக்குள் எங்கள் பிரதிநிதி தொடர்புகொள்வார் என்று ஆங்கிலத்தில் பதில் அனுப்பியது. அங்கிருந்து பதில் வராததால், மதியம் தானாகவே பிரச்சனை தீர்ந்ததாக அறிவித்து, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது.

அவருடைய இரண்டாவது குரல் பதிவை நானும் கேட்டேன். அழுகையா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். "அண்ணாச்சி, எங்க அப்பா உங்களுக்கு லோ பிரையாரிட்டியா?"

அண்ணாச்சி பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு ஓடினார். விளக்கம் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம், மெஷின் தானாகப் பதில் அனுப்பியதை அவர் கைகூப்பிச் சொல்லி முடித்ததும் ஒருவர் கேட்டார்:

"அதெல்லாம் சரிதான்வே. எங்க கடை கேமரா போன வாரத்துல இருந்து ஓடல. அதுக்கு ஏன் ஒரு டிக்கெட்டும் வரல?"

திரும்பும்போது டாக்சியில் அண்ணாச்சி என்னிடம் போனைக் கொடுத்தார். "அந்த சாஃப்ட்வேர எடுத்துரு பிள்ள." அழித்தேன்.

அன்று என் பட்டியலை மறுபடி பார்த்தேன். அத்தனை வரிகள் இருந்தும் வேண்டிய கேள்வி அதில் இல்லை: ஒரு நர்ஸ் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது, நடந்துகொண்டே, கட்டைவிரல் ஒன்றால் டிக்கெட் போட முடியுமா? சகிக்க முடியாத மூன்றாவதில் முடிந்தது. அந்தப் பெரிய அசிங்கமான பட்டன்களின் காரணம் அப்போதுதான் விளங்கியது. அதையே வாங்கினோம். காரிடாரில் பிடித்து இழுப்பவர்கள் எதையும் டைப் அடிக்க வேண்டாம், சொல்வதை டெக்னீஷியனே பதிந்துகொள்வார்; மற்றவர்கள் அதே சாஃப்ட்வேரில் தாங்களே போடலாம். அண்ணாச்சிக்கு ஒரே ஒரு நிபந்தனை. ஆஸ்பத்திரியிலிருந்து யார் அவரைக் கூப்பிட்டாலும், "டிக்கெட் போடுங்க" என்று சொல்ல வேண்டும். கடைக்குச் சாமான் வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

டெக்னீஷியன் ஒரு வாரத்தில் பழகிவிட்டார். ஆஸ்பத்திரியில் யாராவது "ஏக் மினிட், பையா" என்று இந்தியில் அண்ணன் போட்டுக் கூப்பிட்டாலே கட்டைவிரல் நகர்ந்துவிடும். மாத முடிவு நெருங்கும்போது, ஒரு மதியம் அண்ணாச்சியின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி மேனேஜரேதான். அவருடைய அறையில் பிரிண்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறதாம். அண்ணாச்சிக்கு வியர்த்தது. "சார்... அதாவது சார்... டிக்கெட் ஒண்ணு போட்டுருங்க சார்" என்று சொல்லிவிட்டு, போனை மேஜையில் குப்புற வைத்துத் தண்ணீர் குடித்தார். சிறிது நேரத்தில் டிக்கெட் வந்தது. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில்: பிரிண்டர் வேலை செய்யவில்லை, மிகவும் வருந்துகிறேன். யார் வருந்துகிறார், எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

புது ரிப்போர்ட்டோடு நாங்கள் மூன்று பேரும் அவர் முன்னால் உட்கார்ந்தோம். பக்கங்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

"இத்தனை ரிப்பேரா? அப்ப உங்க மெயிண்டனன்ஸ் லட்சணம் என்ன?"

என் குறிப்புகளைப் புரட்டினேன், இந்தக் கேள்வி மட்டும் அதில் இல்லை. அண்ணாச்சிதான் வாயைத் திறந்தார்.

"சார், ஆஸ்பத்திரியில கூட்டம் ஜாஸ்தியா இருந்தா டாக்டர் மோசம்னா சொல்லுதோம்?"

மேனேஜர் பேனாக்களைப் பார்த்தார். மூக்கால் சிரித்தார். "ஆள் இருக்கட்டும்" என்று சொல்லி, நடுவிலிருந்த பேனாவை எடுத்து ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

டெக்னீஷியன் வெளியே வந்து காரிடாரில் இரண்டு அடி வைப்பதற்குள் யாரோ அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் படியிறங்கும்போதே அண்ணாச்சியின் போன் அடித்தது. மேனேஜர். அண்ணாச்சி அதை என் பக்கம் நீட்டினார்.

"நீ பேசு பிள்ள. அந்த வார்த்தைய அவருகிட்ட ரெண்டாவது தடவ சொல்ல எனக்கு வாய் வரல."

எடுத்தேன். வைஃபை பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம். சொன்னேன். அதற்கு ஒரு டிக்கெட்டையும், படியில் நின்றபடியே, கட்டைவிரலால் நானே போட்டேன்.