பல்செட் அறையில் கிரேக்கம்

நாற்பத்து மூன்று வயதிலும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். அம்மாவுக்குப் பாப்பா, அண்ணனுக்குப் பாப்பா, அண்ணிக்கும் பாப்பா. "பாப்பா கையில குடுத்துட்டுப் போங்க" என்று அண்ணன் போனில் சொன்னதை நம்பி வந்த புதுக் கூரியர்காரர் ஒருவர், பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "உடையிற சாமான்னு எழுதியிருக்கு. குழந்தை கையில எப்படிக் குடுக்கறது? நீங்க வாங்கிக்கக் கூடாதா?" என்று அவளிடமே கேட்டார்.

பார்சலுக்குள் இருந்தது யாரோ ஒருவருடைய வாயின் அச்சு. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, வேகவைத்து, ராவி, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். வாசல் பலகையில் இருப்பது அண்ணன் பெயர். பல் ஒவ்வொன்றும் இவள் கை.

அப்பா ஆரம்பித்த தொழில் அது. அவர் போனபோது இவளுக்குப் பத்தொன்பது. டாக்டர்களைப் பார்த்து ஆர்டர் பிடிப்பது அண்ணன், பல் கட்டுவது பாப்பா என்று அந்த வாரமே முடிவானது. அப்போதைக்கு என்றுதான் பேச்சு. அந்த 'அப்போதைக்கு' இருபத்து நான்கு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

கீழ்த்தளத்தின் பின்னறையில் பட்டறை, மாடியில் வீடு, நடுவே பதினான்கு படிகள். பட்டறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் மூன்றடிச் சந்து, அதற்கு அந்தப் பக்கம் அடுத்த கட்டடத்தின் சுவர். வானம் வேண்டுமென்றால் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

வெளியே போய்வரலாமே என்றால், அவள் செருப்பை மாட்டினாலே அம்மாவுக்குப் படபடப்பு வந்துவிடும். மூன்று டாக்டர்கள் பார்த்தாகிவிட்டது. இதயம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது என்று மூன்று பேரும் சொன்னார்கள். அம்மா நடிக்கவில்லை. நடித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நிஜமாகவே வியர்த்துக் கொட்டும், உள்ளங்கை ஜில்லிட்டுப் போகும். பாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். அவளைப் பார்க்க வந்த இரண்டு வரன்கள் இப்படித்தான் தள்ளிப்போய், தள்ளிப்போய், ஒரேயடியாகக் காணாமல் போயின.

சந்துக்கு அந்தப் பக்கத்துச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. ஒரு வருஷம் அந்த வீட்டுக்கு, கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் குடிவந்தார். வந்த மறுநாளிலிருந்து காலை ஒன்பது மணிக்குப் பாட்டு. என்ன மொழி என்று தெரியவில்லை. தந்தி வாத்தியம் ஒன்று அவசர அவசரமாகப் பேசிவிட்டு நிற்கும். பிறகு ஒரு பெண் குரல், நேற்று முழுக்க அழுதவள் இன்றைக்குத் தெளிந்து நியாயம் கேட்பதுபோல. ராவுகிற மோட்டாரை நிறுத்தினால்தான் கேட்கும். பாப்பா அடிக்கடி மோட்டாரை நிறுத்த ஆரம்பித்தாள்.

ஒரு நாள் சமையல்காரரே கதவைத் தட்டினார். கைக்குட்டையில் அவருடைய கீழ்ப் பல்செட் இரண்டு துண்டாக இருந்தது. பொக்கை வாயோடு அவர் சொன்னது வேறு யாருக்கும் புரிந்திருக்காது. பல் இல்லாத வாய்களின் பேச்சு அவளுக்குத் தாய்மொழி மாதிரி. "உக்காருங்க சார், அரை மணி நேரத்துல ஒட்டித் தரேன்" என்றாள். ஒட்டும்போது, தன்னையறியாமல், காலையில் கேட்ட பாட்டை முழுசாக, வார்த்தையோடு முனகினாள்.

சமையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கிரேக்கம் எங்கம்மா படிச்ச?"

"கிரேக்கமா இது?"

"சரியாப் போச்சு" என்று சிரித்தார். முப்பது வருஷம் கிரேக்கக்காரர்களின் கப்பலில் இருந்தாராம். "பாட்டுக்கு என்ன சார் அர்த்தம்?" என்று கேட்டாள். "எனக்குத் தெரிஞ்சது உப்பு, வெங்காயம், அப்புறம் கேப்டன் என்னைத் திட்டின வார்த்தைங்க. பாட்டுல இதுல எதுவும் வராதும்மா."

நான்கு மாதத்தில் அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது ஒரு செருப்புப் பெட்டி நிறைய கேசட்டுகளையும் பழைய பிளேயரையும் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். "மக வீட்ல இதுக்கெல்லாம் இடமில்ல. நீ கேளு." முப்பத்தொரு கேசட். ஒவ்வொன்றுக்குள்ளும் நான்காக மடித்த காகிதத்தில் பாட்டு வரிகள், பூச்சி ஊர்ந்த மாதிரி எழுத்தில்.

எழுத்தை உடைத்தது ஒரு பல்லவி. அதில் ஒரே வார்த்தை நான்கு முறை வரும், 'தாலஸா' என்று. காகிதத்தில் நான்கு முறை ஒரே மாதிரி இருக்கிற வார்த்தையைத் தேடினாள். கிடைத்தது. நடுவில் கோடு போட்ட முட்டை ஒன்று முதல் எழுத்து. அந்தச் சத்தத்தில் நாக்கு நுனி மேல்பல்லுக்கு அடியில் வந்து எட்டிப்பார்க்கும். மற்றவர்களுக்கு இது வருஷக்கணக்கில் வராதாம். இவளுக்கு நாக்கும் பல்லும்தானே பிழைப்பு? புதுப் பல்செட்டில் 'ச' சீட்டியடித்தால் எந்தப் பல்லை எத்தனை நூல் நகர்த்த வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். எந்தச் சத்தத்துக்கு நாக்கு எங்கே போகும் என்று கேட்டவுடன் தெரிந்தது. முட்டை ஒரு எழுத்து, அதற்குப் பின்னால் மூன்று எழுத்து; ஒரு பாட்டில் நான்கு, அடுத்த பாட்டில் ஆறு. மழைக்காலம் முடிவதற்குள் மொத்த எழுத்தும் கைவசம். அகராதி ஒன்றைத் தபாலில் வரவழைத்தாள். 'தாலஸா' என்றால் கடல் என்று தெரிந்த அன்றைக்கு ஒரு ஆர்டர் கருகிப் போனது.

மேல்தாடையும் கீழ்த்தாடையும் மாட்டித் திறந்து மூடுகிற கம்பிச் சட்டத்தை முன்னால் வைத்துக்கொண்டு அவள் வார்த்தைகளைச் சொல்லிப் பார்ப்பாள். படியிறங்கி வந்த அண்ணி இதைப் பார்த்துவிட்டு மேலே போய், "பாப்பா பல்லுங்களோட பேசிக்கிட்டிருக்கா. பதில் வர்றதுக்குள்ள யாராவது போய்ப் பாருங்க" என்றாள். வீடே சிரித்தது. சிரித்ததோடு சரி, யாரும் தடுக்கவில்லை. சத்தமில்லாத பைத்தியம், வீட்டோடு இருக்கிற பைத்தியம். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆறு வருஷத்தில் அவளுக்கு வந்த கிரேக்கம் விசித்திரமானது. பிரிவு, கண்ணீர், துறைமுகம், ஏமாற்றிய கண்கள், நெஞ்சில் ஊற்றிய விஷம் எல்லாம் தண்ணீர்பட்டபாடு. தக்காளிக்கு வார்த்தை தெரியாது. 'என் கண்களே' என்று கூப்பிடத் தெரியும். 'கொஞ்சம் நகருங்க' என்று சொல்லத் தெரியாது.

எந்தப் பாட்டை எடுத்தாலும் ஒரு வார்த்தை வந்து நிற்கும்: 'ஃபெவ்கோ'. போகிறேன். அவ்வளவுதான். முதல் தடவை அர்த்தம் பார்த்தபோது அகராதியை மூடி வைத்துவிட்டாள். இவர்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லக்கூடாது. 'போறேன்' என்று பாதி சொல்லும்போதே அம்மா, "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று மீதியைப் பிடித்துக்கொள்வாள். திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். பட்டறையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அவள் அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள். பின்னாலேயே எதுவும் ஒட்டிக்கொண்டு வரவில்லை. இன்னொரு முறை சொன்னாள்.

ஒரு நாள் முற்பகல், வழக்கமாக ஆர்டர் தருகிற பல் டாக்டர் அண்ணனுக்குப் போன் செய்தார். கப்பல் இன்ஜின் அறை ஃபிட்டர் ஒருவர் வந்திருக்கிறார், கிரேக்கக்காரர், தாடை வீங்கி வாய் திறக்க முடியவில்லை, கூட வந்த ஏஜென்சி மேடத்துக்கும் அவர் சொல்வது விளங்கவில்லை, மொழிபெயர்க்கிற செயலியில் பேசவைத்தால் அதுவும் கைவிரிக்கிறது என்று புலம்பினார். அண்ணன் வேடிக்கைக்காக, "நம்ம பாப்பா கிரேக்கப் பாட்டெல்லாம் பாடுவா டாக்டர்" என்றான். டாக்டர் சிரிக்கவில்லை. "உடனே அனுப்புங்க" என்றார்.

பாப்பா செருப்பை மாட்டினாள். அம்மா சோபாவில் சாய்ந்தாள். அண்ணி ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போ, நான் பாத்துக்கறேன். திரும்பிப் பாக்காதே" என்றாள். ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் மெழுகுக் கத்தியைக் கையோடு எடுத்துவந்துவிட்டது தெரிந்தது.

ஃபிட்டருக்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். ஒரு பக்க முகம் உப்பிக் கண்ணை மூடியிருந்தது. பாப்பா அவர் முன்னால் நின்றாள். தெரிந்த ஒரே கிரேக்கத்தில், "என் கண்களே, உனக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேட்டாள்.

அவர் மூடாத கண்ணால் அவளைப் பார்த்தார். பிறகு சிரிக்கப் போய் வலி தாங்காமல் தாடையைப் பிடித்துக்கொண்டார். காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடலாம்போல இருந்தது அவளுக்கு. 'உங்களுக்கு' என்று கேட்டிருக்க வேண்டும். பாட்டில் யார் யாரை 'நீங்கள்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள்?

ஆனால் அவர் பேச ஆரம்பித்தார். உதடு அசையாமல், மூக்கால். எந்தச் சத்தம் எங்கே தேய்கிறது என்று அவளுக்குத் தெரியும். பொக்கை வாய்க்காரர்களைக் கேட்ட காது அது. டாக்டர் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தபோது அவர் தலையைத் தலையை ஆட்டி, ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். 'ஃபார்மகோ'.

"விஷம்னு சொல்றார் டாக்டர்" என்றாள் பாப்பா.

"விஷமா? யார் வச்சது?" ஏஜென்சி மேடம் எழுந்தே விட்டாள்.

பாப்பாவுக்கு எங்கோ உதைத்தது. பாட்டில் வருவது 'ஃபர்மாகி', அழுத்தம் நடுவில். இவர் முதலில் அழுத்துகிறார். அதற்கு உறவான வேறு வார்த்தையாக இருக்கலாம். "இன்னொரு தடவை சொல்லு" என்றாள். அவர் ஊசியைக் காட்டினார், தன் கழுத்தைக் காட்டினார், மூச்சு அடைப்பதுபோல் செய்தார். பிறகு நீளமாக ஒரு வார்த்தை. அவள் அதை அப்படியே டாக்டரிடம் சொன்னாள்: "பெனிகிலீனி."

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. "பெனிசிலினா? ஒத்துக்காதாமா?"

'ஃபார்மகோ' என்றால் மருந்து. மருந்துதான் எனக்கு விஷம் என்று அந்த மனிதர் கரடியாய்க் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வேறு மருந்து எழுதினார். ஃபிட்டர் பாப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, 'என் கண்களே' என்று அவளுடைய வார்த்தையாலேயே கூப்பிட்டார்.

ஏஜென்சி மேடம் வாசல்வரை வந்தாள். "எங்க தலைமை ஆபீஸ் வேற ஊர்ல இருக்கு. பத்து மணி நேரப் பயணம். கிரேக்கக் கப்பல் நிறைய வருது. பேசத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்ல. தங்க இடம் குடுப்போம், முறையா படிக்கவும் வைப்போம். வர்றீங்களா?"

"வரேன்" என்றாள் பாப்பா. யோசிக்காமல் அவள் சொன்ன பதில் அந்த இருபத்து நான்கு வருஷத்தில் அது ஒன்றுதான்.

வீட்டில் யாரும் கூடாது என்று சொல்லவில்லை. அண்ணன் ரொம்ப நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தான். "தாராளமா போ பாப்பா. யாரு தடுக்கப் போறா? பட்டறைக்கு வேற ஆள் பாக்கணும், அவ்வளவுதானே. அம்மாவத்தான்..." என்று நிறுத்தினான். அம்மா, "என்னைப் பத்தி என்ன, இருக்கறவரைக்கும் இருப்பேன்" என்றாள். அன்றைக்கு இரண்டு முறை படபடப்பு வந்தது.

மறுநாள் அண்ணனே ஏஜென்சிக்குப் போன் செய்து, ஒரு மணி நேரம் இனிமையாகப் பேசினான். போனை வைத்துவிட்டு முகமெல்லாம் பல்லாக வந்தான். "முடிச்சுட்டேன்! வீட்ல இருந்தே பாக்கலாமாம். போன்லயே பேசினாப் போதுமாம். உனக்கு அலைச்சலும் இல்ல, அம்மாவுக்குக் கவலையும் இல்ல. எப்படி?" அவன் கண்ணில் கள்ளம் இல்லை. தங்கைக்கு நல்லது செய்துவிட்ட பெருமைதான் வழிந்தது. அதைப் பார்த்த பிறகு பாப்பாவால் வாயைத் திறக்க முடியவில்லை.

பட்டறையிலேயே, மோட்டாருக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மேஜை வந்தது. ஹெட்போன் வந்தது. காலையில் பல், மத்தியானத்துக்கு மேல் கிரேக்கம். வேலையை அவள் நன்றாகச் செய்தாள். தக்காளிக்கும் வால்வுக்கும் வார்த்தை கற்றுக்கொண்டாள், 'நீங்கள்' போட்டுப் பேசக் கற்றுக்கொண்டாள். போன் வழியாக ஏதேதோ துறைமுகங்களின் சங்கு கேட்கும், கடல்பறவை கேட்கும், யாரோ யாரையோ அவசரப்படுத்துவது கேட்கும். பேசி முடித்து ஹெட்போனைக் கழற்றினால் எதிரே சந்துச் சுவர்.

எட்டு மாதம் கழித்து ஏஜென்சி மேடம் மறுபடி எழுதினாள். புதுக் கிளை திறக்கிறார்கள், நேரில் ஆள் வேண்டும், அவளுக்குத்தான் முதல் உரிமை, ஒரு வாரத்தில் பதில் போடவும். பாப்பா அதை வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. ஆறு நாள் வைத்திருந்தாள். ஏழாம் நாள், பல் ஒன்றை மெழுகில் பதித்துக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டு, 'இப்போதைக்கு வசதிப்படவில்லை' என்று பதில் போட்டாள்.

நாலு நாள் கழித்துத்தான் அண்ணிக்குத் தெரிந்தது. மேஜையில் திறந்து கிடந்த கடிதத்தைப் படித்துவிட்டாள்.

"ஏன் பாப்பா? இந்தத் தடவை யாரு வேணாம்னா? உங்க அண்ணனா?"

"அவனுக்குத் தெரியவே தெரியாது அண்ணி."

"அத்தையா?"

"யாரும் எதுவும் சொல்லல. நானாத்தான் எழுதினேன். ஏன் எழுதினேன்னு எனக்கே தெரியல. அம்மா என்ன சொல்லுவாங்க, அண்ணன் என்ன சொல்லுவான்னு எல்லாத்தையும் நானே சொல்லிப் பாத்துக்கிட்டேன். அவங்க குரல்லயே."

அண்ணி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஹெட்போனில் அழைப்பு வந்தது. பாப்பா மாட்டிக்கொண்டு கிரேக்கத்தில் வணக்கம் சொன்னாள். அண்ணிக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அந்த அழைப்பு முடிகிறவரை, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.