பால்சுறா

மகள் பிறந்த புதிதில் அவளுக்கு என் பால் போதவில்லை. புட்டிப்பால் கொடுக்கலாம் என்றேன். "பச்சக் குழந்த வாயில பிளாஸ்டிக் படக்கூடாது" என்று அம்மா பாட்டிலை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. எனக்குப் பால் ஊற வேண்டுமென்று தாம்பரம் மார்க்கெட்டில் பால்சுறா வாங்கி வந்தாள்.

சமையலறையில் அவள் மீனின் வயிற்றைக் கீறியபோது, குடலோடு நீலமாக ஏதோ வந்தது. கழுவிப் பார்த்தோம். கேரி பேக்கின் கிழிசல். கடலில் கிடந்து நைந்துபோயிருந்தது. என் விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இதையா என்னைச் சாப்பிடச் சொல்றே?"

"அதான் எடுத்துப் போட்டாச்சே. சதை சுத்தமாத்தான்டி இருக்கு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கண்ணில் பட்டதை எடுத்துவிட்டாள், சரி. படாததை எந்தத் தண்ணீரில் கழுவுவாள்? கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே குழந்தை பசியில் வீறிட்டது.

பூண்டு மணக்க அம்மா செய்த சுறாப்புட்டை மிச்சம் வைக்காமல் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

மறுநாள் மார்பு கனத்து, ரவிக்கை நனையப் பால் சுரந்தது. "பாத்தியா?" என்றாள் அம்மா. மகளை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் என்னை முழுதாக நம்பி, கண்ணை மூடிக்கொண்டு, மடக்மடக்கென்று குடித்தாள்.